செங்குத்தான சின்னத் தோட்டத்துக்கு டோலமைட் தூவ எந்தக் கருவி வாங்கலாம்?

#1 படித்தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர். கேரட், உருளை, முட்டைக்கோஸ் மாற்றி மாற்றிப் போடுகிறோம். மண் பரிசோதனையில் பி.எச். 4.8 வந்திருக்கிறது, அதாவது புளிப்பு அதிகம். அதைக் குறைக்க ஏக்கருக்கு ஒரு டன் டோலமைட் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) போடச் சொல்லி அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதுவரை கூடையில் அள்ளி வீசுவதுதான் வழக்கம். ஒரு இடத்தில் வெள்ளையாகத் திட்டுக் கட்டிக் கிடக்கும், நாலடி தள்ளி மண் அப்படியே சிவப்பாக இருக்கும். கோஸில் வேர் வீங்கும் கிளப் ரூட் நோய் வருவதும் அப்படித் திட்டுத் திட்டாகத்தான். இந்தத் தடவை சீராகப் போட்டுவிட வேண்டும் என்று கருவி தேடுகிறேன்.

படிகள் எட்டு முதல் பன்னிரண்டு அடி அகலம். கீழே கொஞ்சம் இடம் படி வெட்டாத சரிவு. டிராக்டர் வராது. கடையில் மார்பில் மாட்டிக் கையால் சுற்றும் தூவி ஒன்றும், முதுகில் மாட்டும் பெட்ரோல் ஊதுவான் ஒன்றும் காட்டினார்கள். மச்சான் டிரோன் வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 குன்னூர்_பச்சை

ஊதுவான் வாங்குங்கள். தேயிலையில் கவாத்து முடிந்ததும் டோலமைட் போட நாங்கள் அதைத்தான் எடுக்கிறோம். மருந்து அடிக்கும் அதே மெஷின், தூள் அடிக்கும் குழாயை மட்டும் மாற்றினால் போதும். சரிவில் ஒரே இடத்தில் நின்று பக்கவாட்டில் வீசலாம், ஏறி இறங்கும் வேலை பாதியாகக் குறையும். மருந்தடிக்கவும் அதே மெஷின் உதவும். காசு வீண் போகாது.

#3 மண்கணக்கு

தம்பி, மெஷின் பெயரைப் பேசுவதற்கு முன் மூன்று விஷயம் சொல்லுங்கள். வண்டி நிற்கும் ரோடு தோட்டத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? டோலமைட் மாவு மாதிரித் தூளா, குருணையா? அட்டையில் சொன்ன ஒரு டன்னை ஒரே தடவையில் போடப் போகிறீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், ஏக்கருக்கு ஒரு டன் என்றால் சென்ட்டுக்குப் பத்துக் கிலோ. சதுர மீட்டருக்கு 250 கிராம். இந்தப் பத்துக் கிலோவை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கருவியையும் பாருங்கள். விவசாய டிரோனில் சாதாரணமாகப் பத்து லிட்டர் தொட்டிதான். ஒரு தடவை பறந்தால் ஒரு சென்ட். ஒரு ஏக்கருக்கு நூறு தடவை இறக்கி, நிரப்பி, பேட்டரி மாற்றி ஏற்ற வேண்டும். டிரோன் ஏக்கருக்குச் சில கிலோ விதையோ, பத்து லிட்டர் மருந்தோ போடுவதற்கான கருவி. டன் கணக்கில் போகும் சுண்ணாம்புக்கு அது ஆகாது.

ஊதுவான் தொட்டியிலும் பத்துப் பன்னிரண்டு கிலோதான் பிடிக்கும். மெஷினின் எடையும் சேர்ந்தால் இருபது கிலோவுக்கு மேல் முதுகில் ஏறும், கூடவே இன்ஜின் அதிர்வு. குன்னூர் நண்பர் சொல்வது தேயிலைக்குச் சரிதான். அங்கே செடி வரிசைக்குள் நடக்க முடியாது, போடும் அளவும் பெரும்பாலும் இவ்வளவு வராது. காய்கறிப் படியில் நடக்க இடம் இருக்கிறது. பிறகு எதற்குக் காற்றில் அனுப்ப வேண்டும்?

#4 குன்னூர்_பச்சை

ஐயா சொல்லும் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படி வெட்டாத சரிவில் கால் வைத்து நடப்பதே கஷ்டம், அங்கே ஊதுவான்தான் எனக்குத் தெரிந்து வழி. ஒரு விஷயம் கட்டாயம்: காலையில் சீக்கிரம் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறியதும் பள்ளத்திலிருந்து காற்று மேலே கிளம்பும். அதற்குப் பிறகு ஊதினால் தூள் பக்கத்துத் தோட்டத்துக் கீரை மேல் போய் உட்காரும். கண்ணாடி, முகமூடி இரண்டும் இல்லாமல் அந்த மெஷினைத் தொடக்கூடாது.

#5 நுவரெலியா_மரக்கறி

வணக்கம் உறவுகளே. எங்கட பக்கமும் இதே பிரச்சினைதான். லீக்ஸ், கோவா (உங்கட கோஸ்), கேரட், எல்லாம் சரிவுத் தோட்டம். டொலமைட் மாத்தளைப் பக்கமிருந்து வரும், ஐம்பது கிலோ மூட்டை.

நாங்கள் மெஷின் பாவிக்கிறதில்லை. கயிறும் வாளியும்தான். ஆனால் கண்டபடி அள்ளி வீசுறதில்லை. நிலத்தைக் கயிறு பிடித்து ஒரு பர்ச் ஒரு பர்ச்சாகப் பிரிப்போம். ஏக்கருக்கு 160 பர்ச், அப்போ ஒரு டன்னுக்குப் பர்ச்சுக்கு ஆறேகால் கிலோ. வாளியில அந்த அளவுக்குக் கோடு போட்டு வைத்திருப்போம். அதில பாதியைக் குறுக்கால நடந்து தூவுறது, மற்றப் பாதியை நெடுக்கால நடந்து தூவுறது. ஒரு கட்டத்துக்கான வாளி முடியாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக்கூடாது. இதுதான் முழு இரகசியமும். கை வீச்சு கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் அந்தக் கட்டத்துக்குள்ளேயே நின்றுவிடும்.

#6 படித்தோட்டம்

பதில்களுக்கு நன்றி. மண்கணக்கு ஐயா, ரோடு மேலே இருக்கிறது. கடைக்காரரிடம் இருப்பது மாவுத் தூள்தான், குருணை கேட்டால் வரவழைத்துத் தருவாராம், விலை அதிகம். ஒரே தடவையில் போடுவதா பிரிப்பதா என்று யோசிக்கவே இல்லை. நுவரெலியா அண்ணன் சொன்ன கயிற்று முறை பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்றே முக்கால் ஏக்கருக்கு முப்பத்தைந்து மூட்டை. அத்தனையையும் வாளியில் போட ஆள் கூலி கட்டுமா?

#7 மண்கணக்கு

முதலில் அந்த முப்பத்தைந்து மூட்டைக் கணக்கைச் சரி பார்க்க வேண்டும். பட்டாவில் இருக்கும் ஒன்றே முக்கால் ஏக்கர் முழுவதும் பயிர் மண் கிடையாது. படிச் சுவர், வரப்பு, நடைபாதை, வடிகால், பம்ப் ஷெட் எல்லாம் அதற்குள் அடக்கம். மலைத் தோட்டத்தில் இதற்கே கணிசமான இடம் போய்விடும். பட்டா அளவுக்கு மூட்டை வாங்கிப் படியில் மட்டும் போட்டால் உண்மையில் விழுவது ஒரு டன்னுக்கும் மேல். டேப் பிடித்துப் படிகளை மட்டும் அளந்துகொள்ளுங்கள். பத்தடி அகலப் படியில் நாற்பத்து மூன்றரை அடி நீளம் ஒரு சென்ட். எட்டடி அகலம் என்றால் ஐம்பத்து நாலரை அடி. அந்தந்த இடத்தில் குச்சி நட்டுவிட்டால் போதும்.

படி வெட்டாத சரிவில் கணக்கு எதிர்ப் பக்கம் போகும். சர்வே அளவு கிடைமட்டத்தில் எடுப்பது. முப்பது டிகிரி சரிவு என்றால் மண்ணின் மேற்பரப்பு அதைவிடப் பதினைந்து சதவீதம் அதிகம். அங்கே கயிற்றை மண்ணோடு ஒட்டிப் பிடித்து அளக்க வேண்டும்.

ரோடு மேலே இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி. மூட்டைகளை ரோட்டோரம் குவிக்காமல், படிக்கு எத்தனை மூட்டை என்று முதலிலேயே எழுதிவைத்து, இறக்கும்போதே அந்தந்தப் படியில் போட்டுவிடுங்கள். மலையில் சுண்ணாம்பு வேலையில் ஆள் கூலியைத் தின்பது தூவுவதில்லை, சுமப்பதுதான். எந்தத் தூவி வாங்கினாலும் அந்தச் சுமை குறையாது.

#8 பட்டறை_மேட்டுப்பாளையம்

நான் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், மலைத் தோட்டங்களுக்குச் சின்னக் கருவிகள் செய்து தருகிறேன். கருவிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மார்பில் மாட்டிச் சுற்றும் தூவி விதைக்கும் குருணை உரத்துக்கும் நல்ல கருவி. மாவுத் தூளைப் போட்டால் தொட்டிக்குள் தூள் வளைவு கட்டி நின்றுகொள்ளும். மேலே நிறைந்திருக்கும், கீழே ஒன்றும் விழாது. தட்டினால் மொத்தமாகக் கொட்டும். உங்கள் ஊர் மஞ்சுக்கு ஈரம் வேறு ஏறும். குருணை டோலமைட் வாங்கினால் மட்டும் இதை எடுங்கள். அப்போதும் சுழலும் தட்டு மூன்று நான்கு மீட்டர் அகலத்துக்கு வீசும். உங்கள் எட்டடிப் படியில் ஒரு பங்கு சுவரைத் தாண்டிக் கீழ்ப்படியில் விழும். படி விளிம்பில் நடக்கும்போது தூவியின் வாயைப் பாதி அடைத்துக்கொள்ள வேண்டும்.

தள்ளிக்கொண்டு போகும் இரண்டு சக்கரத் தூவி புல்தரைக்குச் செய்தது. கொத்திய மண்ணில் சக்கரம் புதையும், சக்கரம் நின்றால் தட்டும் நின்றுவிடும்.

டிராக்டர் பின்னால் மாட்டும் கூம்புத் தொட்டி உங்களுக்கு வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆனால் இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக: நிரம்பிய தொட்டி பின்னால் தொங்கும்போது ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் பிடிக்காது. குறுக்கே ஓட்டினால் கவிழும் அபாயம். சரிவில் சுழல்தட்டு வீசுவதும் கீழ்ப்பக்கம் தூரமாகவும் மேல்பக்கம் கிட்டத்திலும் விழும். சரிவுத் தோட்டத்துக்கு அதை யாரும் சிபாரிசு செய்யக்கூடாது.

மாவுத் தூளுக்குச் சரியானது நேராகக் கீழே கொட்டும் பெட்டி. இரண்டரை அடி நீளம், வி வடிவத் தகடு. அடியில் வரிசையாகத் துளை, துளைக்கு அடியில் திறந்து மூடும் நழுவு பட்டை. உள்ளே ஒரு தண்டு, அதில் குறுக்காகக் கம்பித் துண்டுகள் பற்ற வைத்திருக்கும். சக்கரம் உருளும்போது தண்டு சுற்றித் தூளைக் கலக்கிவிடும். அந்தக் கலக்கி இல்லாமல் பெட்டி செய்தால் பிரயோசனமே இல்லை. சக்கரம் அகலமாக இருக்க வேண்டும், சைக்கிள் சக்கரம் போட்டால் மண்ணில் வெட்டிக்கொண்டு இறங்கும்.

சரிவுக்கு என்று ஒரு விஷயம் உண்டு. பெட்டிக்குள் குறுக்கே மூன்று நான்கு தடுப்புத் தகடு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சாய்வில் நடக்கும்போது தூள் முழுவதும் பள்ளப் பக்கம் சரிந்து, பெட்டியின் ஒரு முனையில் மட்டும் கொட்டும். கடையில் விற்கும் பெட்டிகளில் இந்தத் தடுப்பு இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள்.

#9 படித்தோட்டம்

அண்ணா, இந்தப் பெட்டியைப் பவர் வீடர் (மண் கிளறிக் களையெடுக்கும் சின்ன மெஷின்) பின்னால் மாட்ட முடியுமா? பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வீடர் வாடகைக்குக் கிடைக்கிறது. எப்படியும் மண்ணோடு கலக்க அது வேண்டும்.

#10 பட்டறை_மேட்டுப்பாளையம்

மாட்டலாம், ஆனால் உங்களுக்கு நான் செய்து தர மாட்டேன். பெட்டியில் இருபத்தைந்து கிலோ தூளை வைத்துக்கொண்டு வீடரை எட்டடிப் படியின் முனையில் திருப்புவது ஆபத்தான வேலை. கைப்பிடியில் எடை கூடினால் பிடி நழுவும். ஒருவர் இழுக்க ஒருவர் பிடிக்கும் கைப்பெட்டியாகச் செய்துகொள்ளுங்கள். முதலில் தூவி முடித்துவிடுங்கள், பிறகு வீடர் தனியாக வரட்டும். படியிலிருந்து படிக்கு இறக்கும்போது இன்ஜினை நிறுத்திவிட்டு இரண்டு பேர் தூக்க வேண்டும்.

#11 பூண்டுக்காரர்_கொடைக்கானல்

எடைதான் பிரச்சினை என்றால் ஒரு யோசனை. நூறு கிலோ சுண்ணாம்புக்கல் தூள் செய்யும் வேலையைச் சுட்ட சுண்ணாம்பு ஐம்பத்தாறு கிலோவில் செய்துவிடும். நீற்றிய சுண்ணாம்பு என்றால் எழுபத்தைந்து கிலோ போதும். சுமை பாதியாகக் குறையுமே?

#12 மண்கணக்கு

கணக்கு சரி. ஆனால் கையால் தூவும் இடத்தில் சுட்ட சுண்ணாம்பைக் கொண்டு வராதீர்கள். ஈரம் பட்டால் கொதிக்கும். வியர்த்த கழுத்தில் விழுந்தால் புண்ணாகும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. நீற்றியதும் காரம்தான். வேலை வேகமாகச் செய்வதால் கொஞ்சம் அதிகமாக விழுந்த இடத்தில் நாற்றுக் கருகும். டோலமைட் மெதுவாக வேலை செய்யும், தூவியவர் கையையும் புண்ணாக்காது. மெக்னீசியமும் கிடைக்கும். மலை மண்ணில் அது மழையில் கரைந்து போய்விடும், அதனால் தேவை. தூள் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், எந்தச் சுண்ணாம்பாக இருந்தாலும்.

எடையைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. எல்லாப் படிக்கும் ஒரே அளவு போட வேண்டியதில்லை. கோஸ், கேரட் வரப்போகும் படிக்கு முழு அளவு. உருளை வரப்போகும் படியை இந்தத் தடவை விட்டுவிடலாம், அல்லது பாதி போடலாம். பி.எச். ஐந்தரையைத் தாண்டினால் கிழங்கில் சொறி நோய் கூடும். உருளை எடுத்த பிறகு, கோஸ் வரும் முன் அந்தப் படிக்குப் போட்டால் அடுத்த உருளை வருவதற்குள் நாள் ஆகிவிடும். சுழற்சியோடு சேர்ந்து வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்குப் படி என்று வைத்துக்கொண்டால், ஒரு பருவத்தில் பத்துப் பன்னிரண்டு மூட்டைதான். அதற்குக் கயிறும் வாளியும் தாராளமாகப் போதும்.

#13 நுவரெலியா_மரக்கறி

ஐயா சொல்றது நூறு வீதம் சரி. தூள் எவ்வளவு நைசு என்றதையும் பாருங்கோ. ஒரு பிடி எடுத்துத் தேயிலை வடிகட்டியில சலித்தால் தெரியும். வடிகட்டியில நிறையக் கல் தங்கினால் அந்த மூட்டை வேண்டாம். இரண்டு மில்லிமீட்டருக்கு மேலான துண்டு ஒரு போகத்துக்குள்ள மண்ணை மாற்றாது. நீங்கள் சும்மா கல்லைச் சுமந்து கொண்டு போறீங்கள். என்ன கருவி வாங்கினாலும் இந்தக் குறையைச் சரி செய்யேலாது.

#14 குன்னூர்_பச்சை

தேயிலை வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் பார்த்து அதே அளவைப் போட்டுவிடக் கூடாது. தேயிலைக்கு நாலரை முதல் ஐந்தரை வரை புளிப்பு மண்தான் வேண்டும். அதற்குக் கீழே போனால் மட்டும், கவாத்து வருடத்தில், பரிசோதனை பார்த்துப் போடுவது. படித்தோட்டம், உங்கள் கீழ்ச் சரிவில் என்ன இருக்கிறது?

#15 படித்தோட்டம்

கீழே கொஞ்சம் தேயிலை, மீதி சில்வர் ஓக்கும் தரிசும். இப்போது புரிகிறது, சரிவுக்கு என்று தனியாகக் கருவி எனக்குத் தேவையே இல்லை. நேற்று டேப் பிடித்து அளந்தேன், படி மண் மட்டும் 128 சென்ட்தான். இதில் கோஸ் வரும் படிகள் 45 சென்ட். ஒன்பது மூட்டை.

பட்டறை அண்ணா, அந்தக் கைப்பெட்டி செய்தால் எவ்வளவு விழுகிறது என்று எப்படி அளவு வைப்பது?

#16 பட்டறை_மேட்டுப்பாளையம்

ஒரு மீட்டர் சதுரத் தார்ப்பாயை மண்ணில் விரித்து நான்கு மூலையிலும் கல் வையுங்கள். பெட்டியில் பாதி தூள் போட்டு, சாதாரணமாக நடக்கும் வேகத்தில் அதன் மேல் இழுத்துக்கொண்டு போங்கள். பெட்டி இரண்டரை அடி, அதாவது 75 சென்டிமீட்டர். ஒரு நடையில் பாய் முழுவதும் மூடாது, அதனால் அடுத்தடுத்த தடத்தையும் ஓட்டி விழுந்ததை மொத்தமாகத் தராசில் போடுங்கள். இரண்டு சுற்றாகப் போடுவதானால் ஒரு சுற்றுக்கு 125 கிராம் வர வேண்டும். குறைந்தால் பட்டையைத் திறங்கள், கூடினால் மூடுங்கள். சரியான இடத்தில் பட்டையில் ஆணியால் கீறி வையுங்கள். தூள் மாறினால், ஈரம் மாறினால், மறுபடி பார்க்க வேண்டும்.

ஆனால் ஒன்பது மூட்டைக்காகப் பெட்டி செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன். அக்கம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து செய்துகொண்டால் பிரயோசனம்.

#17 உதகை_உருளை

பகிர்ந்துகொள்ளும் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நீலகிரி உருளையில் முட்டைக்கூடு நூற்புழு 1961இலேயே கண்டுபிடித்தது. இன்றும் நம் மண்ணில் இருக்கிறது. அதன் கூடு மண்ணோடு ஒட்டிக்கொண்டு பல வருடம் உயிரோடு கிடக்கும். கிளப் ரூட்டும் அப்படித்தான். வாடகைக்கு வரும் வீடரின் கத்தியிலும், பெட்டியின் சக்கரத்திலும், ஆட்களின் பூட்ஸிலும் ஒட்டிய மண்தான் அடுத்த தோட்டத்துக்கு நோயைக் கொண்டுபோகிறது. சுண்ணாம்பு போட்டுக் கோஸைக் காப்பாற்ற நினைத்து, அந்த வேலைக்கு வந்த மெஷின் மூலமாகவே நோயை ஏற்றிக்கொள்ள வேண்டாம். தோட்டத்துக்குள் வருவதற்கு முன் ரோட்டிலேயே நிறுத்தி, பிரஷ் போட்டு மண்ணைச் சுரண்டி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். கழுவிய தண்ணீர் உங்கள் வடிகாலில் இறங்கக் கூடாது. வாளிக்கும் கயிற்றுக்கும் இந்த ஆபத்து குறைவு, அவை உங்களுடையவையாக இருந்தால்.

#18 பூண்டுக்காரர்_கொடைக்கானல்

நல்ல விஷயம் ஐயா. வீடர் சொந்தமாக வாங்க நினைப்பவர்கள் வேளாண் பொறியியல் துறையில் மானியம் கேட்டுப் பாருங்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு மற்றவர்களைவிட அதிக சதவீதம் உண்டு. அதற்குச் சிறு, குறு விவசாயி சான்றிதழ் வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

#19 படித்தோட்டம்

முடிவு சொல்லிவிடுகிறேன். கருவி எதுவும் வாங்கவில்லை. மாவுத் தூள் ஒன்பது மூட்டை, சலித்துப் பார்த்து எடுக்கிறேன். பத்துக் கிலோ தராசு ஒன்று, கோடு போட்ட வாளி இரண்டு, குச்சி, கயிறு, முகமூடி. வீடர் மட்டும் வாடகைக்கு, கழுவி வரச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். தொழு உரத்தையும் அதே நாளில் போட்டு ஒன்றாகக் கலக்கிவிடலாமா? வீடர் வாடகை ஒரு நாளோடு முடியும்.

#20 மண்கணக்கு

வேண்டாம் தம்பி. சுண்ணாம்பும் புதுச் சாணமும் சேர்ந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். யூரியா, அம்மோனியம் சல்பேட்டுக்கும் இதே கதைதான். இப்போது டோலமைட்டைத் தூவி, ஒரு சாண் ஆழம் கலக்கிவிடுங்கள். சுண்ணாம்பு தானாகக் கீழே இறங்காது, மேலாகக் கிடந்தால் வேருக்குப் பயன் இல்லை. மூன்று நான்கு வாரம் போகட்டும், இடையில் நல்ல ஈரம் கிடைக்க வேண்டும். அதன் பிறகு மக்கிய தொழு உரத்தை நடவுக் குழியில் வைத்துக்கொண்டால் இரண்டாவது தடவை வீடர் தேவைப்படாது.

மூட்டைகளைப் படியில் இறக்கியதும் அடியில் பலகை வைத்து மேலே தார்ப்பாய் போடுங்கள். இரண்டு நாள் மஞ்சில் நனைந்தால் கட்டியாகிவிடும், அப்புறம் கையால் உடைத்துத்தான் போட வேண்டியிருக்கும்.